கரெக்டா என்றால் எவ்வளவு?

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் கரைகளில் பேச்சுவாக்கில் 'துல்லியம்' அதிகம் வராது. 'கரெக்டா', 'கணக்கா' இரண்டும் போதும். துல்லியம் செய்தித்தாள் சொல். அங்கே அது நைந்தும் போயிற்று. "துல்லியமாக சுமார் 12 கடல் மைல்" என்றுகூடக் கூசாமல் எழுதலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

வேர் வடமொழி 'துல்யம்': சமம், ஒப்பு. தராசுக்குப் பெயரான 'துலா'வும் அதே குடும்பம். அப்படியானால் எதோடு ஒத்துப்போகிறது, எந்த அலகில் என்று சொல்லாத துல்லியம் வெறும் அலங்காரம்.

கடலில் அந்த அலங்காரம் வலையைக் கிழிக்கும். ஜிபிஎஸ் அட்சரேகையை 9 டிகிரி 17.500 நிமிடம் என்று காட்டுகிறது. புள்ளிக்குப் பின்னால் இருப்பது நிமிடத்தின் பின்னம்; அதாவது 17 நிமிடம் 30 விநாடி. அதையே 17 நிமிடம் 50 விநாடி என்று குறித்துக்கொண்டால் 20 விநாடி பிசகு. வடக்கு தெற்காக 1 நிமிடம் என்பது 1 கடல் மைல், 1,852 மீட்டர். 20 விநாடிக்கு ஏறத்தாழ 617 மீட்டர். பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத் திட்டுக்கு, ஒதுங்கி விழ வேண்டிய வலை பார் மேலேயே விழும். இன்னொன்று: மூன்றாவது தசமத்தில் ஓர் எண் மாறினால் 2 மீட்டர்கூட இல்லை. சாதாரணக் கருவியோ சில மீட்டர் முன்னே பின்னே காட்டும். ஆடிக்கொண்டே இருக்கும் அந்தக் கடைசி எண்ணை வைத்துச் சண்டை போடுவது வீண்.

தராசிலும் இதே கதைதான். 5 கிராம் வித்தியாசத்தையும் காட்டும் மின்தராசில் ஈரக்கூடையின் எடையைக் கழிக்காவிட்டால், பத்து முறை வைத்தாலும் அதே தப்பான எண் வரும். மாறாமல் வருகிறதே என்று நம்பிவிடுவோம்.

வலைக்கண் அளவு கேட்டால், இழுத்துப் பிடித்த முழு நீளமா, ஒரு பக்கம் மட்டுமா என்று முதலில் கேளுங்கள். ஒன்று மற்றதைப் போல இரண்டு மடங்கு. ஒற்றைக் கண்ணை அளந்தால் முடிச்சின் தடிமன் குழப்பும். 10 கண்ணைச் சேர்த்து இழுத்து அளந்து வகுத்துக்கொள்ளுங்கள்.

ஆழத்துக்குப் 'பாகம்', விரித்த இரு கை நீளம், ஏறக்குறைய 6 அடி. ஆளுக்கு ஆள் மாறும்தான். 8 பாகமா 10 பாகமா என்று தெரிந்தால் வலை போட அது தாராளம். இம்மி பிசகாமல் அளந்து ஆகப்போவது ஒன்றுமில்லை. படகுப் பலகைக்கு இந்தப் பாகக் கணக்கு உதவாது. அங்கே அலகு நூல், அங்குலத்தில் எட்டில் ஒன்று. 'அரை நூல் சீவு' என்றால் ஆசாரி இழைப்புளியை எடுப்பார். 'துல்லியமா சீவு' என்றால், எவ்வளவு என்று கேட்பார்.