டிசைனும் செய்வேன், பாடமும் எடுப்பேன்

"முழுநேரமா காலேஜுக்கே வந்துடுங்க சார், எதுக்கு இந்த கிளையண்ட் தொல்லை?" என்பார்கள் துறைத் தலைவர்கள். "கிளாஸ் எடுக்கிற நேரத்துல ரெண்டு பேக்கேஜிங் முடிச்சிருக்கலாமே ப்ரோ" என்பார்கள் தொழில் நண்பர்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பது இரண்டு தரப்புக்கும் பொதுவான அபிப்பிராயம். விஸ்காம் மாணவர்களுக்கு டைப்போகிராபி (எழுத்துகளை வடிவமைத்து அடுக்கும் கலை) எடுத்துவிட்டு, மிச்ச நேரத்தில் லோகோ, புத்தக அட்டை, மிட்டாய் டப்பா என்று ஓடுகிற ஆள் நான். இந்தத் தொழிலுக்கு இப்படி இருப்பதுதான் சரி என்பது என் கட்சி.

அமெரிக்க டிசைனர் பால் ராண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.பி.எம். லோகோவை அவர் வரைந்தது 1956-ல். யேல் பல்கலைக்கழகத்தில் பாடம் எடுக்கத் தொடங்கியதும் அதே 1956-ல்தான். கோடு கோடாக நமக்குத் தெரிந்த ஐ.பி.எம். வடிவம் வந்த 1972-ல் அவருக்குப் பின்னால் பல வருட வகுப்பறை அனுபவம் இருந்தது. 1986-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் தன் நெக்ஸ்ட் கம்பெனிக்கு லோகோ கேட்டு, நாலைந்து மாதிரி காட்ட முடியுமா என்றாராம். முடியாது, ஒன்றுதான் தருவேன் என்றார் ராண்ட். வாங்கிய கூலி ஒரு லட்சம் டாலர். நம்ம ஊரில் இப்படிப் பேசினால் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார்கள், அது வேறு விஷயம். நான் சொல்ல வந்தது அந்த ஒரே லோகோவோடு அவர் கொடுத்த 100 பக்கப் புத்தகத்தைப் பற்றி. இந்த எழுத்து ஏன், ஆங்கில 'e' மட்டும் ஏன் சின்ன எழுத்தில், கட்டம் ஏன் 28 டிகிரி சாய்ந்திருக்கிறது என்று ஒவ்வொரு படியாகக் காட்டியிருப்பார். ஒரு நல்ல வாத்தியார் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போவது மாதிரிதான் அது போகும். 'ஏன்' என்று கேட்கிற பிள்ளைகளுக்கு முன்னால் வருடக்கணக்கில் நின்ற ஒருவருக்குத்தான் அப்படி எழுத வரும் என்று நினைக்கிறேன். "பார்க்க நல்லா இருக்கு" என்ற பதிலை கிளையண்ட் ஏற்றுக்கொண்டாலும் மாணவன் ஏற்க மாட்டான்.

நம் நாட்டிலும் ஆள் உண்டு. ஆர்.கே. ஜோஷி மும்பையில் உல்கா விளம்பர நிறுவனத்தில் பல வருடம் வேலை பார்த்தவர், பிறகு ஐ.ஐ.டி. மும்பையின் டிசைன் துறையான ஐ.டி.சி.யில் பேராசிரியர். பழைய விண்டோஸில் இந்தி பார்த்த எல்லோரும் பார்த்திருக்கும் மங்கல் எழுத்துரு அவர் தலைமையில் வந்தது. அதே ஐ.டி.சி.யில் தமிழ் எழுத்துகளைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் ஆனவர் நம்ம உதயகுமார். அவர் வரைந்த ரூபாய்ச் சின்னம் மத்திய அரசால் ஏற்கப்பட்டது 2010 ஜூலை 15-ல். ஐ.ஐ.டி. குவாஹாட்டியில் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்ததும் அதை ஒட்டித்தான். 2025-ல் தமிழக பட்ஜெட் இலச்சினையில் அந்தச் சின்னத்துக்குப் பதில் 'ரூ' போட்டதால் சண்டை வந்தபோது அவர் யாருடைய மகன் என்று டைம்லைன் முழுக்கத் தேடினார்கள். என்ன பாடம் எடுக்கிறார் என்று கேட்டவர்கள் குறைவு!

சரி, கிளையண்ட் வேலை வகுப்புக்கு என்ன தருகிறது? ஒரு பரோட்டா கடை மெனு கார்டை வைத்துச் சொல்கிறேன். வகுப்பில் அதை அசைன்மென்டாகக் கொடுத்தேன். பிள்ளைகள் அசத்திவிட்டார்கள். கொத்து பரோட்டாவின் ஆவியே விலையாகச் சுருண்டு நிற்கிறது, சால்னா வாளிக்குள் எண்கள் மிதக்கின்றன. பாராட்டிவிட்டு ஒரு கேள்விதான் கேட்டேன்: "அடுத்த மாசம் மைதா விலை ஏறினா கடைக்காரர் என்ன பண்ணுவார்?" வகுப்பு அமைதியாகிவிட்டது. விலையை அவர் பேனாவால் அடித்து எழுதுவார், இல்லை வெள்ளை ஸ்டிக்கர் ஒட்டுவார். ஆகவே விலைக்கென்று நேரான ஒரு பத்தி வேண்டும், ஸ்டிக்கர் அளவுக்கு இடம் வேண்டும், அதன் பின்னால் படம் ஓடக் கூடாது. லேமினேஷன் மேட் ஆக இருந்தால் பேனா பிடிக்கும், பளபளப்பாக இருந்தால் வழுக்கும். இது எந்த சிலபஸிலும் கிடையாது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி சொல்லித் தருவது.

தமிழ் வரி இடைவெளியும் இதே கதைதான். ஆங்கிலத்துக்கென்று மென்பொருள் வைத்திருக்கும் வரி இடைவெளி அளவை (லீடிங்) அப்படியே விட்டுவிட்டால், மேல் வரியின் 'ணூ' வால் கீழ் வரியின் புள்ளியில் போய் முட்டும். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும்போது இது உறைக்காது. சிறிய எழுத்தில் அச்சாகி வந்த நோட்டீஸைக் கையில் கொடுத்தால் உடனே தெரியும். அதனால்தான் பிரஸ்ஸில் வீணான தாள்களை வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போகிறேன். நாலு கலரும் ஒன்றின்மேல் ஒன்று உட்காராமல் விலகிப்போன தாளை பூதக்கண்ணாடியில் பார்த்த பிள்ளை, அதன்பிறகு பொடி எழுத்தைக் கறுப்பு ஒன்றில் மட்டும்தான் வைக்கிறது.

தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் நல்ல வாத்தியார் ஆகிவிடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். ஒரு மணி நேரமும் "நான் அந்த பிராண்டுக்குப் பண்ணப்போ..." என்றே ஓட்டுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு யூடியூபே மேல்.

ஆனால் இங்கே ஏற்பாடே இவர்களை உள்ளே விடாத மாதிரி இருக்கிறது. நிரந்தர வேலைக்கு நெட் தகுதித் தேர்வு அல்லது பிஎச்.டி. கேட்கிறார்கள். இருபது வருடம் பிரஸ் வாசலில் நின்றவருக்கு மணிக்கணக்குச் சம்பளத்தில் கெஸ்ட் லெக்சரர் நாற்காலி. 2022-ல் யு.ஜி.சி. 'புரொபசர் ஆஃப் பிராக்டிஸ்' என்று ஒரு வழி திறந்தது. 15 வருட அனுபவம் இருந்தால் பட்டம் கட்டாயமில்லை, மொத்தப் பணியிடங்களில் பத்து சதவீதம் வரை எடுக்கலாம். நல்ல விஷயம், ஆனால் அதிகபட்சம் நாலு வருடம்தான். ஒருவர் வகுப்பைப் பிடித்துக்கொள்வதற்குள் வழியனுப்பு விழா வந்துவிடும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. வெளிவேலையைக் கல்லூரிக்குள்ளேயே கொண்டுவருவது. ஸ்டேட் பேங்கின் நீல வட்டம் அகமதாபாத் தேசிய டிசைன் கல்லூரியான என்.ஐ.டி.யில் பிறந்ததுதான். ஒவ்வொரு கலைக் கல்லூரியிலும் இப்படி ஒரு ஸ்டூடியோ இருக்கட்டும். ஊர்க் கூட்டுறவுச் சங்கமும் பக்கத்து பேக்கரியும் வேலை கொண்டுவரட்டும், வாத்தியாரும் மாணவரும் சேர்ந்து முடிக்கட்டும். பில்லைக் கல்லூரி பெயரிலேயே போட்டு, வரைந்த பிள்ளைக்கும் பங்கு கொடுங்கள். சும்மா செய்யவைத்துவிட்டு "எக்ஸ்போஷர் கிடைக்கும்பா" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைச் சொல்ல வெளியே ஏற்கெனவே நிறைய கிளையண்டுகள் இருக்கிறார்கள்.