முத்திரை வெக்காத வாய்

(ஈரோடு பக்கம் ஒரு பழைய பேப்பர் கடை. வாசலில் எலெக்ட்ரானிக் தராசு, உள்ளே கூரை முட்ட அட்டைப் பெட்டிகள். ரிட்டையர்டு கணக்கு டீச்சர் சரோஜா ஆட்டோவில் பேப்பர்க் கட்டுகளோடு வந்து இறங்குகிறார். கையில் ஒரு தண்ணி பாட்டில். கடைக்காரர் மாரப்பன். இருவருக்கும் பல வருஷப் பழக்கம். அதனால் ஒருவரை ஒருவர் துளியும் நம்புவதில்லை.)

மாரப்பன்: வாங்க டீச்சர். என்னுங்க இத்தனை கட்டு? ஊட்டையே காலி பண்றீங்களா?

டீச்சர்: பையன் பெயிண்ட் அடிக்கோணும்ங்கறான். கிலோ என்ன வெலை?

மாரப்பன்: பன்னண்டுங்க.

டீச்சர்: போன வாட்டி பதினாலு குடுத்தயே?

மாரப்பன்: போன வாட்டி பேப்பர்ல சேதி இருந்துச்சுங்க. இப்ப மொத பக்கத்துலயே நகைக்கடை. நடுப்பக்கம் வீட்டுமனை. மழமழன்னு இருக்கற தாளுக்கு வெலை இல்லீங்க.

டீச்சர்: ஏகத்தாளம் பண்ணாத. மொதல்ல இந்த பாட்டிலைத் தராசுல வை.

மாரப்பன்: எதுக்குங்க?

டீச்சர்: ஒரு லிட்டர் தண்ணின்னா ஒரு கிலோ. உன்ற தராசோட வண்டவாளம் தெரிஞ்சு போயிரும்.

மாரப்பன்: (வைக்கிறார்) ஒண்ணு புள்ளி சைபர் ரெண்டு.

டீச்சர்: (சத்தமாக) பாத்தியா! இருவது கிராம் தப்பு! இருவது கிராம்!

மாரப்பன்: ஏனுங்க, தண்ணிக்கு எடை இருந்தா பாட்டிலுக்கு எடை இருக்காதுங்களா? மூடி ஒண்ணு வேற இருக்குது.

டீச்சர்: (கணக்கு டீச்சர் என்பதால் கொஞ்சம் யோசித்து) செரி, அது கெடக்கட்டும்.

மாரப்பன்: அதில்லீங்க டீச்சர், தராசு எச்சாக் காட்டுனா எனக்குத்தான நட்டம்? அதை உடுங்க. பாட்டில்ல ஒரு லிட்டர் இருக்குதுன்னு உங்களுக்கு யார் சொன்னாங்க?

டீச்சர்: ஸ்டிக்கர்ல போட்டிருக்குதே.

மாரப்பன்: ஸ்டிக்கர்ல ஒரு நடிகரும் சிரிச்சுட்டு நிக்கறாரு.

டீச்சர்: அதான் சொல்றேன். அத்தனை பெரிய ஆளு பொய்யான சாமானத்துக்கு வந்து நிப்பாரா?

மாரப்பன்: டீச்சர், இந்தத் தராசுக்கு வருசா வருசம் தொழிலாளர் துறையில முத்திரை வாங்கோணும். அக்கட்ட பாருங்க, சுவத்துல சர்ட்டிபிகேட்டு தொங்குது. அது இல்லாட்டி வந்து பைன் போட்டுட்டுப் போயிருவாங்க. பழைய பேப்பர் நிறுக்கற எனக்கே முத்திரை. அவரு வாய்க்கு யாருங்க முத்திரை வெச்சாங்க?

டீச்சர்: அவங்களுக்கும் சட்டம் இருக்குதப்பா. நானும் பேப்பர் படிக்கறவதான். 2019ல வந்த நுகர்வோர் சட்டத்துல, ஏமாத்து விளம்பரத்துக்கு வந்து நின்னா 10 லட்சம் வரைக்கும் அபராதம். மறுக்கா பண்ணுனா 50 லட்சம்.

மாரப்பன்: நல்லா விசாரிச்சுட்டுத்தான் நின்னேன்னு காட்டிட்டா?

டீச்சர்: அப்ப அபராதம் இல்லை.

மாரப்பன்: நானும் நல்லா விசாரிச்சுட்டுத்தானுங் தராசு வாங்குனேன். எனக்கும் முத்திரையை ரத்து பண்ணச் சொல்லுங்.

(முதல் கட்டு தராசில் ஏறுகிறது. மாரப்பனுக்கு ஒரு கெட்ட பழக்கம்: மேலே இருக்கும் தாளைப் படிக்காமல் எடை போட மாட்டார். ஊரில் பேப்பரை முழுசாகப் படிக்கிற ஒரே ஆள் அவர்தான் என்று நினைக்கிறேன், ஒரு வருஷம் தள்ளிப் படித்தாலும்.)

மாரப்பன்: உங்க கொழுந்தனார் நல்லா இருக்கறாருங்களா? ஈமு வளத்தாரே?

டீச்சர்: அதை எதுக்கு இப்ப கிளறுற?

மாரப்பன்: முத்திரைன்ன உடனே நெனப்பு வந்துச்சுங்க. ஈமுக் கம்பெனிக்கு ஒன்றரை லட்சம் கட்டுனாரு. ஆஸ்திரேலியாப் பறவை, அதென்னமோ நெஞ்சு வரைக்கும் கழுத்து…

டீச்சர்: நெஞ்சு வரைக்கும் கழுத்தில்லை, அவரு நெஞ்சு ஒசரத்துக்குப் பறவை. நான் அப்பவே கேட்டேன், மாசாமாசம் ஆறாயிரம் எப்படிக் குடுப்பாங்க, வருசத்துக்கு 48 சதவீதம் வருதே, எந்த யாவாரத்துல அத்தனை லாபம்னு.

மாரப்பன்: அதுக்கு என்ன சொன்னாரு?

டீச்சர்: "அண்ணி, டிவியில ஆரு வந்து சொல்றாங்கன்னு பாத்தீங்களா?"ன்னாரு. அதோட என்ற கணக்கு முடிஞ்சுது. சினிமாவுல அத்தனை பேரை அடிச்சு நாயத்தை நெலைநாட்டுன மனுசன்கிட்ட நான் பெருக்கல் வாய்ப்பாட்டை வெச்சுட்டு என்ன பண்றது?

மாரப்பன்: 2012 ஆகஸ்ட்ல பெருந்துறைப் பக்கம் ஈமுக் கம்பெனிக ஒண்ணொண்ணா உழுந்துச்சுங்களே. மொதலாளிக தலைமறைவு. பறவைக பட்டினி. கடைசியில கால்நடைத் துறை ஆளுக வந்து தீவனம் போட்டாங்க. விளம்பரத்துல நின்ன ஒருத்தராச்சும் ஒரு பை தவுடு தூக்கிட்டு வந்தாங்களா?

டீச்சர்: நீ நல்லவனாட்டப் பேசற. அன்னிக்கு அந்த வேலிக் கம்பியை எல்லாம் எடைக்கு வாங்குனது ஆரு?

மாரப்பன்: நானுங்க. ஈமுவுல காசு பாத்தது ஜில்லாவுல மொதலாளியும் நானுந்தான். அவரு மேல கேசு ஆச்சு, என்மேல ஆகலை. எனக்கு முத்திரை இருக்குதுங்க.

(கட்டு இறங்குகிறது. அடுத்தது ஏறுகிறது. மாரப்பன் கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறார்.)

மாரப்பன்: இதப் பாருங். 2025 ஜனவரி. எல் அண்ட் டி சேர்மன் சொல்லியிருக்கறாரு. வாரத்துக்கு 90 மணி நேரம் வேலை செய்யோணுமாம். ஞாயித்துக்கிழமையும் உங்களை வேலை வாங்க முடியலையேன்னு வருத்தமா இருக்குதாம். ஊட்ல உக்காந்து பொண்டாட்டி மூஞ்சியை எத்தனை நேரம் பாத்துட்டு இருப்பீங்கன்னு கேக்கறாரு.

டீச்சர்: பாத்தா என்ன? அவரு ஊட்டுக்காரம்மா அவரைப் பாத்துட்டுத்தான இருந்திருக்கோணும்?

மாரப்பன்: டீச்சர், ஒரு கணக்குங்க. காலைல எட்டுக்குக் கடை தொறந்தா ராத்திரி ஒம்பதுக்கு அடைக்கறேன். ஞாயித்துக்கிழமையும் லீவு இல்லை.

டீச்சர்: பதிமூணு மணி நேரம். ஏழு நாளு. 91.

மாரப்பன்: அவரு சொன்னதை விட ஒரு மணி நேரம் எச்சு!

டீச்சர்: ஆமா.

மாரப்பன்: அவரு சம்பளம் எத்தனைங்க?

டீச்சர்: 2023-24ல 51 கோடி. அந்தக் கம்பெனியில நடுவாந்தரமாச் சம்பளம் வாங்கற ஆளை விட 534 மடங்கு.

மாரப்பன்: (கடையைச் சுற்றிப் பார்க்கிறார். மேலே, கீழே, பெட்டிகளுக்குப் பின்னால்.)

டீச்சர்: என்ன தேடற?

மாரப்பன்: 91 மணி நேரத்துக்கு 51 கோடிக்கு மேல வந்திருக்கோணும். இங்கெங்கயோ உழுந்து கெடக்குதாட்ட இருக்குதுங்க.

டீச்சர்: லொள்ளு உனக்கு. இந்தக் கட்டைப் புடி.

மாரப்பன்: (கட்டின் இடையில் கைவிட்டு ஒரு நோட்டை உருவுகிறார்) அட! ரெண்டாயிரம்! ரோஸ் கலரு! டீச்சர், இதென்னுங்க?

டீச்சர்: (பிடுங்கிக்கொண்டு) இங்கயா இருந்துச்சு? பேரன் பையில வெச்சிருந்தேன்.

மாரப்பன்: ஸ்கூலுப் பையன் பையிலயா? எதுக்குங்க?

டீச்சர்: …

மாரப்பன்: சொல்லுங், நான் ஆருக்கும் சொல்ல மாட்டேன்.

டீச்சர்: 2016ல நோட்டு வந்த புதுசுல சொன்னாங்கல்ல. அதுக்குள்ள நானோ சிப்பு இருக்குது, பூமிக்கு அடியில 120 மீட்டர்ல பொதைச்சாலும் சேட்டிலைட்டுக்குத் தெரிஞ்சு போயிரும்னு. வடக்கத்தி சேனல்ல கோட்டு போட்டவங்க கிராபிக்ஸ் போட்டுக் காட்டுனாங்க. சுத்திச் சுத்தி வாட்ஸ்அப்ல வந்துச்சு. நான் என்ன நெனச்சேன்னா…

மாரப்பன்: நெனச்சீங்க?

டீச்சர்: பேரன் தொலைஞ்சு போனா சேட்டிலைட்டு கண்டுபுடிச்சுரும்னு பைக்குள்ள வெச்சுத் தெச்சு உட்டேன்.

மாரப்பன்: (சிரிப்பை அடக்கமுடியாமல் தராசைப் பிடித்துக்கொள்கிறார். தராசு நாற்பத்தி மூணு கிலோ காட்டுகிறது.)

டீச்சர்: கைய எடு! அதையும் சேத்து எழுதாத… இல்ல, எழுதிக்க, எனக்கென்ன.

மாரப்பன்: ரிசர்வ் பேங்கே அப்படி ஒண்ணும் இல்லைன்னுச்சுங்களே டீச்சர்!

டீச்சர்: அதைக் கோட்டு போட்டவங்க சொல்லலையே. 2023 மே மாசம் அந்த நோட்டையே திரும்ப வாங்கிக்கறோம்னு அறிவிச்சாங்க. நான் ஊடு பூராத் தேடறேன், கெடைக்கலை. 120 மீட்டர்ல இருந்தாத் தெரியுமாம். பேப்பர்க் கட்டுக்குள்ள இருந்தாத் தெரியாதாம்.

(இந்த இடத்தில் டீச்சரைப் பார்த்துச் சிரிப்பவர்கள், அந்தக் கிராபிக்ஸை அன்றைக்கு எத்தனை பேருக்கு அனுப்பினோம் என்று போனில் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டுச் சிரிக்கலாம்.)

மாரப்பன்: செரி, அரசியலுக்கு வரலாம். பேர் சொல்லாமக் கட்சிகளுக்குக் காசு குடுக்கற தேர்தல் பத்திரம். 2024 பிப்ரவரி. செல்லாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு.

டீச்சர்: ஆரு குடுத்தாங்கன்னு கணக்குக் கேட்டா, ஸ்டேட் பேங்குக்காரங்க ஜூன் 30 வரைக்கும் டைம் வேணும்னாங்க. தேர்தலே முடிஞ்சிருக்கும்! கோர்ட் முடியாதுன்னுச்சு. மார்ச் 11ல கோர்ட் அப்படிச் சொல்லுச்சு, 12ந் தேதி கணக்கு வந்துருச்சு.

மாரப்பன்: நாலு மாசத்து வேலை ஒரே நாள்ல! 90 மணி நேரங்கூட ஆகலீங்களே.

டீச்சர்: என்ற கிளாஸ்ல பாத்ததுதான். நோட்டை ஊட்ல வெச்சுட்டேன்னு எவன் சொல்றானோ அவன் பையிலதான் நோட்டு இருக்கும்.

மாரப்பன்: பட்டியல்ல மொதல் ஆளு நம்ம கோயமுத்தூரு லாட்டரிக் கம்பெனிங்க. 1,368 கோடி! தமிழ்நாட்டுல லாட்டரி சீட்டை 2003லயே நிறுத்தியாச்சு. சீட்டு நின்னுச்சு, பரிசு நிக்கலை.

டீச்சர்: எந்தக் கட்சிக்குப் போச்சு?

மாரப்பன்: எந்தக் கட்சிக்குப் போகலைன்னு கேளுங், சீக்கிரம் சொல்லி முடிச்சரலாம்.

(அடுத்த கட்டு.)

மாரப்பன்: ஆகா. எனக்கு நொம்பப் புடிச்ச சேதி இதுதானுங்க. பதஞ்சலி. 2024 ஏப்ரல். வியாதி எல்லாம் தீந்துரும்னு விளம்பரம் போட்டு மாட்டிக்கிட்டாங்க. கோர்ட்டுக்கு வந்து 67 பேப்பர்ல மன்னிப்பு போட்டோம்னாங்க.

டீச்சர்: போட்டாங்கல்ல? அப்பறம் என்ன?

மாரப்பன்: ஜட்ஜு கேட்டாங்க பாருங்க ஒரு கேள்வி: விளம்பரம் போட்ட அதே சைசுலயா மன்னிப்பும் போட்டீங்க?

டீச்சர்: அடடா!

மாரப்பன்: அதோட உட்டாங்களா! ஜெராக்ஸ்ல பெருசு பண்ணிக் கொண்டாராதீங்க, பேப்பரையே வெட்டிக் கொண்டாங்க, மைக்ராஸ்கோப்பு வெச்சுப் பாக்கறாப்ல இருக்கக்கூடாதுன்னுட்டாங்க. அடுத்த நாளே மன்னிப்பு பெருசாயிருச்சு. டீச்சர், நான் எத்தனை வருசமாப் பேப்பர் நிறுக்கறேன். "நான்தான் பெரிய ஆளு"ங்கறது முழுப் பக்கம். "தெரியாம நடந்துருச்சு"ங்கறது தீப்பெட்டி அளவு. ஒரு பக்கத்தைத் தராசுல வெச்சா நம்பராச்சும் அசையும். இவங்க மன்னிப்பை எல்லாம் ஒட்டுக்கா வெட்டி வெச்சாலும் எந்திரம் சைபர்தான் காட்டும்.

டீச்சர்: நெசந்தான். தப்பு பண்றதுல கூச்சமில்லை, அதை ஒத்துக்கறதுலதான் கூச்சம். என்ன சென்மமோ. கடைசிக் கட்டு இது, சீக்கிரம் போடு, ஆட்டோ நிக்குது.

மாரப்பன்: (தூக்குகிறார். நிறுத்துகிறார். மறுபடி தூக்குகிறார்) என்னுங்க இது இத்தனை கனம்?

டீச்சர்: ஞாயித்துக்கிழமைப் பேப்பரு. இணைப்பெல்லாம் இருக்கும்.

மாரப்பன்: (அடியில் கையை விட்டு) ஈரமா இருக்குதுங்களே?

டீச்சர்: அதைப் பத்தி நான் இப்ப எதுவும் சொல்ல விரும்பலை.

மாரப்பன்: மழை பேஞ்சு ரெண்டு மாசமாச்சுங்க.

டீச்சர்: அந்தக் கட்டு என்ற கவனத்துக்கு வராமயே கட்டுனது.

மாரப்பன்: கட்டுனது ஆருங்க?

டீச்சர்: வேலைக்கார அம்மிணி.

மாரப்பன்: அது போன மாசமே நின்னுருச்சுன்னு நீங்கதான சொன்னீங்க?

டீச்சர்: அதான். உடனடியா நடவடிக்கை எடுத்து நீக்கியாச்சு.

மாரப்பன்: அப்ப இன்னிக்குக் காலைல தண்ணி ஊத்துனது?

டீச்சர்: இதெல்லாம் வேணும்னே கெளப்பி உடற அவதூறு. எனக்குப் பின்னால ஒரு சதி நடக்குது.

மாரப்பன்: உங்களுக்குப் பின்னால ஆட்டோதானுங்க நிக்குது. மூணு கிலோ கழிச்சுக்கறேன்.

டீச்சர்: ஒண்ணு.

மாரப்பன்: ரெண்டு. மன்னிப்பாச்சும் கேளுங்க.

டீச்சர்: (மிக மெதுவாக) உன்ற மனசு புண்பட்டிருந்தா வருத்தம் தெரிவிச்சுக்கறேன்.

மாரப்பன்: இந்த "இருந்தா" எல்லாம் என்கிட்ட வேண்டாமுங்க. சத்தமும் பத்தாது. இருவது கிராம் தப்புன்னு எந்தச் சத்தத்துல சொன்னீங்களோ, அதே சைசுல வரோணும்.

டீச்சர்: (மூச்சை இழுத்து, தெருவே திரும்பும்படி) மாரப்பா! ஈரப் பேப்பரை எடைக்குப் போட்டது என்ற தப்புத்தான்! மன்னிச்சுக்க!

மாரப்பன்: (பதறி) அய்யோ, போதும் போதுமுங்க! பைய! அங்க லாரி நிக்குது பாருங்க, பேப்பர் மில்லுக்காரன் வந்திருக்கறான். இந்தக் கட்டை நான் அவன் தலையில கட்டோணுமா, வேண்டாமா?