மேசைக் கடிகாரத்தில் ஒளிரும் சர்க்கரை அளவு எப்போது எடுத்தது?

உலான்சி டிசி001 என்ற சிறிய மேசைக் கடிகாரத்துக்குள் வைஃபை வசதி கொண்ட ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிச் சில்லும், 32 பத்தி, 8 வரிசையாக 256 எல்இடி புள்ளிகளும் இருக்கின்றன. யுஎஸ்பி கேபிளால் கணினியுடன் இணைத்து, தன்னார்வலர்கள் இலவசமாகத் தரும் மென்பொருளை ஏற்றிவிட்டால், உடம்பில் ஒட்டிய சென்சார் அளந்த குளுக்கோஸ் அளவையும், அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று சொல்லும் அம்புக்குறியையும் அந்தக் கடிகாரமே காட்டும். என் மகளுக்கு முதல் வகை நீரிழிவு இருப்பதால், கைபேசியைத் தேடி எடுக்காமலே வீட்டில் யாரும் நிமிர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடிவது எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் நன்றாக அறிவேன். அவளிடம் ஓயாமல் "இப்போ எவ்வளவு?" என்று கேட்பது நின்றதே எனக்குப் பெரிய நிம்மதி.

ஆனால் இதைச் செய்து பார்ப்பவர்கள் நிறத்துக்கும் எழுத்துருவுக்கும் காட்டும் அக்கறையை, அந்த எண் எத்தனை நிமிடத்துக்கு முந்தையது என்ற கேள்விக்குக் காட்டுவதில்லை. சென்சாரிலிருந்து புளூடூத் வழியாகக் கைபேசிக்கும், அங்கிருந்து இணையத்தில் உள்ள சர்வருக்கும், பிறகு வீட்டு வைஃபை வழியாகக் கடிகாரத்துக்கும் அந்த எண் வந்து சேர வேண்டும். இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும், சரியாக எழுதப்படாத மென்பொருள் கடைசியாக வந்த எண்ணையே பிடித்து வைத்திருக்கும். கைபேசியில் சார்ஜ் தீர்ந்துபோய், குழந்தையின் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்திலும், கடிகாரம் 112 என்று பச்சையில் காட்டிக்கொண்டிருக்கலாம். எதுவுமே தெரியாத திரையைப் பார்த்தால் நாம் உடனே விரலில் குத்தி அளந்து பார்ப்போம். பச்சை எண்ணைப் பார்த்தால் போய்ப் படுத்துவிடுவோம். பழைய எண்ணின் ஆபத்து அதுதான்.

சென்சார் ரத்தத்தை நேரடியாக அளப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தோலுக்கு அடியில் உள்ள திசுத் திரவத்தில்தான் அது அளக்கிறது. ஆகவே சர்க்கரை வேகமாக மாறும் நேரத்தில் அதன் அளவீடு ரத்த அளவைவிடச் சில நிமிடங்கள் பின்தங்கியே வரும். டெக்ஸ்காம் போன்ற சென்சார்கள் 5 நிமிடத்துக்கு ஒரு முறை எண் அனுப்புகின்றன. அப்படியென்றால் 15 நிமிடமாகப் புதிய எண் வரவில்லை என்றால், மூன்று அளவீடுகள் தவறிவிட்டன என்று பொருள்.

2013-ல் பெற்றோர்கள் சிலர், சென்சார் நிறுவனங்களுக்காக "நாங்கள் காத்திருக்கப் போவதில்லை" என்று கிளம்பியதில் வளர்ந்தது நைட்ஸ்கவுட். சென்சார் எண்ணை இணையம் வழியாகத் தொலைவிலிருந்தே பார்க்க உதவும் இந்த இலவச மென்பொருள், எண்ணுக்குப் பக்கத்திலேயே எத்தனை நிமிடம் ஆயிற்று என்று காட்டுகிறது; எண் பழையதாகிவிட்டால் அதன் குறுக்கே கோடும் போட்டுவிடுகிறது. கடிகாரத்துக்கும் அந்த ஒழுங்கு வேண்டும். மூன்று இலக்கமும் அம்பும் போக, அடி வரிசையில் நிமிடத்துக்கு ஒரு புள்ளி எரிய இடம் இருக்கிறது. 15 நிமிடம் தாண்டினால் எண்ணை அழித்துக் கோடுகள் மட்டும் காட்ட வேண்டும். அந்த ஏற்பாட்டை அணைக்கும் வசதியே இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இன்சுலின் அளவைக் கடிகாரத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தாழ்சர்க்கரை அலாரம் சென்சாரின் சொந்தச் செயலியிலேயே இருக்கட்டும். கடிகாரத்தைத் தயார் செய்தவர்கள், இன்றைக்கே கைபேசியின் புளூடூத்தை அரை மணி நேரம் அணைத்துவைத்து, திரையில் என்ன தெரிகிறது என்று பாருங்கள்.