நாவல் சாட்சி சொல்லாது சார்

சனிக்கிழமை கூட்டத்துக்கு வந்தவங்களுக்கு நான் எதைச் சொல்ல வர்றேன்னு தெரியும். வராதவங்களுக்கும் இந்நேரம் யாராவது சொல்லியிருப்பாங்க. பேர் சொல்லப் போறதில்ல. பெரியவர், நிறைய வாசிச்சவர், அவர் பேச்சைக் கேக்கவே பஸ் மாறி மதுரைக்கு வந்தவ நான். ஆளில்லாத தீவுல மாட்டுன ஸ்கூல் பசங்க கொலை வரைக்கும் போற கதை, வில்லியம் கோல்டிங்கோட 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' நாவல். அதைப் பத்தி நல்லாத்தான் பேசுனார். முடிக்கும்போதுதான், "மனுசன் பிறக்கும்போதே கெட்டவன், இந்த நாவல் அதை நிரூபிச்சிருச்சு"ன்னார். எந்திரிச்சு "எப்படி சார் நிரூபிச்சுச்சு?"ன்னு கேட்டேன். "உண்மை உறுத்துதுன்னா டீச்சரம்மா பேசாம அம்புலிமாமா படிக்கலாம்"னார். அரங்கமே சிரிச்சுது.

சிரிச்சதுல எனக்கு வருத்தம் இல்ல. (இருக்கு. அது கிடக்கட்டும்.) கேட்ட கேள்விக்குப் பதில் வரலைங்கறதுதான் விஷயம்.

நான் அறிவியல் டீச்சர், அறிவியல்லயே ஆரம்பிக்கிறேன். நாவல்ல பிக்கின்னு ஒரு பையன். குண்டு, ஆஸ்துமா, கிட்டப்பார்வை. அவன் கண்ணாடியைப் பிடுங்கி வெயில்ல காட்டித்தான் பசங்க தீ மூட்டுவாங்க. அந்தக் கண்ணாடிக்காகத்தான் பின்னால ராத்திரியில குடிசைக்குள்ள புகுந்து அடிச்சுத் திருடுவாங்க. ஆனா கிட்டப்பார்வைக்குப் போடுறது குழி லென்ஸ். அது வெயிலைக் குவிக்காது, விரிக்கும். எட்டாங்கிளாஸ் பசங்களுக்கு என் கண்ணாடியையே கழட்டி வெயில்ல பிடிச்சுக் காட்டியிருக்கேன். சுவத்துல நடுவுல மங்கலா ஒரு நிழல் விழும், அதைச் சுத்தி வெளிச்சமா ஒரு வளையம். அவ்வளவுதான். நாள் முழுக்கப் பிடிச்சாலும் பேப்பர் ஓரம்கூடக் கருகாது.

இதுக்காக நாவல் மட்டம்னு சொல்றேனா? இல்லவே இல்ல. கோல்டிங்குக்குத் தீ தேவைப்பட்டுச்சு, மூட்டிக்கிட்டார். கதை எழுதுறவருக்கு அந்த உரிமை உண்டு. அதே மாதிரி அவருக்குக் கொலையும் தேவைப்பட்டுச்சு, பசங்களைச் செய்ய வச்சார். அந்தத் தீயை நம்பி யாரும் ஒளியியல் பாடம் எழுதல. கொலையை நம்பி மட்டும் மனுச குலத்துக்கே தீர்ப்பு எழுதுறோம். நாவல் சாட்சி இல்ல சார்.

"அப்ப அந்தப் பசங்க ஏன் அப்படி ஆனாங்க?" நாவலையே திறங்க. ஜாக்ங்கற பையன் முதல்ல வர்ற இடம். கொளுத்துற வெயில், கடற்கரை மணல், கருப்பு அங்கி போட்ட பாட்டுக்குழுப் பசங்க ரெண்டு வரிசையா நடந்து வர்றாங்க. விமானம் விழுந்து ஆளில்லாத தீவுல மாட்டியிருக்காங்க, அப்பவும் வரிசை கலையல. ஒருத்தன் கெஞ்சுறான், ஜாக் கண்டுக்கல. சைமன்னு இன்னொருத்தன் மயங்கி விழுறான். தலைவன் யாருங்கற பேச்சு வந்ததும் ஜாக் தன் தகுதியைச் சொல்றான்: நான்தான் பாட்டுக்குழுத் தலைவன், என்னால சி ஷார்ப் ஸ்வரம் பாட முடியும்! இது பிறவிக் குணமா, இங்கிலாந்துல வசதியான ஸ்கூல் ஊட்டி வளர்த்ததா? கோல்டிங் சாலிஸ்பரியில வாத்தியார், தினம் பார்த்த பசங்களைத்தான் எழுதுனார். தீவுல இறங்கும்போதே வரிசை இருக்கு, தலைவன் இருக்கான், குண்டுப் பையனைப் பாத்துச் சிரிக்கிற பழக்கமும் இருக்கு.

உடனே ரோஜர்ங்கற பையனைக் கொண்டு வருவீங்க. தெரியும். "சின்னப் பையன் மேல படாமத்தானே முதல்ல கல்லெறியுறான், வீடு, ஸ்கூல், போலீஸ் பயம் கையைப் பிடிச்சு வைக்குது. அந்தப் பயம் போனதும் பாறையை உருட்டிக் கொல்றானே?" நல்ல கேள்வி. ரோஜரை வாசிச்சா எனக்கும் வயித்தைக் கலக்கும். அப்ப சைமன்? எட்டாத பழத்தைப் பறிச்சுச் சின்னப் பிள்ளைங்க கையில கொடுக்குறானே, அவனும் அதே தீவுதானே? ரோஜர் செஞ்சா அது மனித இயற்கை, சைமன் செஞ்சா அது சைமன். என்னங்க கணக்கு இது?

கோல்டிங் கடற்படையில இருந்தவர், 1944 நார்மண்டி தரையிறக்கத்துல இருந்தவர். தேனீ தேனை உண்டாக்குற மாதிரி மனுசன் தீமையை உண்டாக்குறான்னு பின்னாடி எழுதுனார். அவர் பாத்ததை அவர் பாத்தார், அந்தக் கசப்பு அவருக்கு. 1983-ல நோபல் வாங்குன மனுசன்கிட்ட மல்லுக்கு நிக்க நான் யாரு? அவர் கசப்பை ஆய்வறிக்கை மாதிரி தூக்கிட்டு வர்றவங்க மேலதான் எனக்குக் கோபம்.

சரி, நிஜமாவே பசங்க தீவுல மாட்டுனா? மாட்டியிருக்காங்க. 1965-ல பசிபிக் கடல்ல இருக்குற டோங்கா தீவு நாட்டுல ஸ்கூல் பசங்க 6 பேர், ஒரு படகைக் கிளப்பிட்டுப் போய்ப் புயல்ல சிக்கி, ஆட்டாங்கற ஆளில்லாத தீவுல ஒதுங்குனாங்க. 15 மாசம். மூட்டுன தீயை அணைய விடல. மரத்தைக் குடைஞ்சு மழைத்தண்ணி பிடிச்சாங்க. முறை வச்சு வேலை பாத்தாங்க. சண்டை வந்தா ஆளுக்கொரு பக்கம் போய்க் கோபம் தணிஞ்ச பிறகு திரும்பி வரணும், அதான் அவங்க சட்டம். ஒருத்தனுக்குக் கால் முறிஞ்சப்போ குச்சி வச்சுக் கட்டி, அவன் வேலையையும் சேத்துப் பாத்தாங்க. 1966 செப்டம்பர்ல பீட்டர் வார்னர்ங்கற ஆஸ்திரேலியக் கப்பல்காரர் கண்டுபிடிச்சப்போ கால் நல்லாவே சேர்ந்திருந்துச்சு.

"ஒரே ஊர்ப் பசங்க, ஏற்கெனவே நண்பர்கள், ஒரு சம்பவத்தை வச்சுப் பேசக் கூடாது." ஒரு சம்பவம் போதாதாம். நடக்காத சம்பவம் போதுமாம்!

இன்னொண்ணு. அந்த ஆட்டா தீவு ஒரு காலத்துல ஜனங்க வாழ்ந்த ஊர். 1863-ல அடிமை வியாபாரிங்க கப்பல்ல வந்து நூத்துக்கு மேல ஆளுங்களைப் பிடிச்சிட்டுப் போனாங்க. மிச்சமிருந்தவங்களை டோங்கா ராஜா வேற தீவுக்கு மாத்துனார். தீவு காலியானது அப்படித்தான். தீமையைத் தேடுறவங்க அந்தக் கப்பல் கணக்குப் புத்தகத்துல தேடலாம், குழந்தைங்க நெஞ்சுக்குள்ள கையை விட்டுத் துழாவ வேண்டாம்.

கதைக்காரங்க எல்லாரும் பிறவிக் குணம்தான் எழுதுனாங்கன்னு நினைக்காதீங்க. 1818-ல மேரி ஷெல்லி எழுதுன 'ஃபிராங்கன்ஸ்டைன்'ல ஒருத்தன் உண்டாக்கி உயிர் கொடுத்துக் கைவிட்ட பிராணி யாருக்கும் தெரியாம ஒரு ஏழைக் குடும்பத்துக்கு விறகு வெட்டிப் போடும். அவங்க முன்னால வந்து நின்னதும் அடிச்சு விரட்டுவாங்க. நான் நல்லவனா இருந்தேன், துயரம்தான் என்னைப் பேயாக்குச்சுன்னு அதுவே சொல்லும். 1931-ல ஹாலிவுட் இதைப் படமா எடுத்தப்போ என்ன பண்ணாங்க? பிராணிக்கு வைக்க மூளை எடுக்கப் போன உதவியாளன் நல்ல மூளை இருந்த ஜாடியைக் கீழே போட்டு உடைச்சிட்டு, குற்றவாளி மூளை இருந்த ஜாடியை எடுத்துட்டு வந்துருவான். தீந்துச்சு. பெத்தவன் கைவிட்டது, ஊர் அடிச்சது எல்லாம் ரெண்டாம் பட்சமாயிருச்சு, ஜாடிதான் காரணம். அந்தக் காட்சியை டிவியில பாத்தப்போ ஏன் அவ்வளவு எரிச்சல் வந்துச்சுன்னு பிறகுதான் எனக்கே விளங்குச்சு.

ஏன்னா அந்த ஜாடியை எங்க ஊருக்கும் கொண்டு வந்தாங்க. எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம். வெள்ளைக்காரன் 1871-ல குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டான், சில சாதியில பிறந்தாலே குற்றவாளின்னு. இத்தாலியில லோம்ப்ரோஸோங்கற டாக்டர் மண்டை ஓட்டை அளந்து பிறவிக் குற்றவாளின்னு புத்தகம் போட்டது அதுக்கப்புறம், 1876-ல. அவர் பேரு 1897-ல 'டிராகுலா' நாவலுக்குள்ளயே வந்துருச்சு, கவுண்ட் டிராகுலா அந்த ரகம்தான்னு ஒரு கதாபாத்திரம் சொல்லும். சட்டம், விஞ்ஞானம், கதை மூணும் ஒண்ணுக்கொண்ணு சாட்சி சொல்லிக்கிட்டுச்சு. 1911-க்குப் பிறகு சட்டம் மெட்ராஸ் மாகாணத்துக்கும் வந்துச்சு. அந்தச் சட்டப்படி கைரேகை வைக்க மாட்டோம்னு நின்ன பெருங்காமநல்லூர்ல 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் சுட்டு 16 பேர் செத்தாங்க. அதுல ஒரு பொம்பளையும் உண்டு.

எங்க தாத்தா மேல ஒரு கேஸ் கிடையாது. வயசு வந்துச்சு, பத்து விரலையும் மையில அமுக்குனாங்க. கல்யாணம் ஆன புதுசுல, ராத்திரி சோத்தை வாயில போட்டதும் பாயைச் சுருட்டிக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போலீஸ் கச்சேரிக்குப் படுக்கப் போயிருவாராம், லிஸ்ட்ல பேர் இருக்குறவங்க ராத்திரி அங்கதான் இருக்கணும்னு. அப்பத்தா இதைச் சிரிச்சுக்கிட்டேதான் சொல்லும். தாத்தாவோட அக்கா பக்கத்து ஊர்ல செத்தப்போ, ஊரை விட்டுப் போக போலீஸ் கொடுக்குற ராதாரிச் சீட்டு வாங்கிட்டு இவர் போய்ச் சேர்றதுக்குள்ள எடுத்துட்டாங்களாம். அதைச் சொல்லும்போது சிரிக்காது.

நான் படிச்ச ஸ்கூல்லயும் ஜியாமெட்ரி பாக்ஸ் காணாமப் போனா முதல்ல எங்க தெருப் பிள்ளைங்க பையைத்தான் கொட்டுவாங்க. "பிறவிக் குணத்தை மட்டை வச்சுக் கட்டுனாலும் தீராது"ன்னு ஒரு வாத்தியார் சொல்லுவார். அந்தப் பழமொழியை நான் இன்னிக்கு வரைக்கும் வகுப்புல சொன்னதில்ல.

"இலக்கியக் கூட்டத்துல ரேகைச் சட்டத்தை ஏம்மா இழுக்குறே?" அடுத்து இதான் வரும். 'மனுசன்'னு சொன்னா எல்லா மனுசனையும்தான் சொல்றோம், உன்னையா சொன்னோம்னும் வரும். வரட்டும். எல்லா மனுசனும்னு மேடையில ஆரம்பிக்கிற பேச்சு, தெருவுக்கு வரும்போது யார் வீட்டு வாசல்ல போய் நிக்கும்னு எங்களுக்குத் தெரியும். சி ஷார்ப் பாடுறவன் வீட்டு வாசல்ல நிக்காது.

அந்த டோங்கா பசங்க படகைச் சொல்லாம எடுத்தவங்கதான், நான் மறைக்கல. ஊர் திரும்புனதும் படகுக்காரர் புகார் கொடுத்து, போலீஸ் பிடிச்சு உள்ள வச்சுச்சு. வார்னர் படகுக்கு உண்டான காசைக் கட்டுனார், வெளிய விட்டாங்க. எடுத்ததுக்குக் கட்டியாச்சு, கணக்குத் தீந்துச்சு. எங்க தாத்தா எதையும் எடுக்கல, அதனால திருப்பிக் கொடுத்துத் தீக்கவும் வழியில்லாமப் போச்சு. 1947-ல மெட்ராஸ்ல சட்டத்தை எடுக்குற வரைக்கும் அவர் பேரு அந்த லிஸ்ட்லதான் இருந்துச்சு.