மென்பொருள் மட்டும் போதாது
மருந்தியல் முதுநிலைப் படிப்பில் விலங்குத் திசுச் சோதனைகளுக்குப் பதில் இனி கணினி மென்பொருளே போதும் என்கிறது ஒரு கட்டுரை. இளநிலைக்குச் சரி, விலங்குகளாவது பிழைக்கும். ஆய்வுக்கு வருபவர்களுக்கு அது போதாது. மென்பொருளில், மருந்துக்குத் திசு சுருங்குவதைக் காட்டும் வளைகோடு ஒவ்வொரு முறையும் அச்சில் வார்த்ததுபோல வரும். நாங்கள் கினிப்பன்றியின் சிறுகுடல் துண்டை டைரோடு கரைசல் என்ற உப்புக் கரைசல் நிரம்பிய தொட்டியில், 37 டிகிரியில் தொங்கவிட்டு, குடலைச் சுருங்கவைக்கும் அசிட்டைல்கோலின் சேர்ப்போம்; அந்தச் சுருக்கத்தை ஓர் எழுதுகோல் வரையும். கரைசலுக்குள் விடும் காற்றுக் குமிழி நின்றால் கொஞ்ச நேரத்தில் திசு சோர்ந்துவிடும். ஒருநாள், அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்தான அட்ரோபின் விட்ட தொட்டியை நான் சரியாகக் கழுவவில்லை. அப்புறம் எவ்வளவு அசிட்டைல்கோலின் விட்டும் எழுதுகோல் அசையவே இல்லை. ஒரு மருந்து ஏற்பியை, அதாவது செல்லில் இன்னொரு பொருள் வந்து ஒட்ட வேண்டிய இடத்தை, அடைத்துக்கொள்வது என்றால் என்ன என்பது பாடப்புத்தகத்தில் ஏற்கெனவே படித்ததுதான். ஆனால் அந்த நேர்கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற மதியம்தான் எனக்கு அது உண்மையில் புரிந்தது.