இரண்டு புள்ளி போதும் என்று முதல் நாளே சொல்லாதீர்கள்

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஒய் = 2எக்ஸ் + 1 என்ற சமன்பாட்டுக்கு வரைபடம் வரைந்து கொண்டுவந்தாள். அட்டவணை சரி, அளவுத்திட்டம் சரி, கோட்டின் இரு முனைகளிலும் அம்புக்குறிகூடப் போட்டிருந்தாள். முழு மதிப்பெண் போடப் போனவன் சும்மா கேட்டு வைத்தேன்: "(100, 201) இந்தக் கோட்டின் மேல் இருக்கிறதா?" தாளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். "இல்லை சார், தாளில் 10 வரைதானே இருக்கிறது?"

அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளைப் பொறுத்தவரை கோடு என்பது ஸ்கேல் வைத்து இழுத்த பென்சில் தடம். சமன்பாட்டுக்குப் பொருந்தும் எண்சோடிகள் அத்தனையும் வந்து நிற்கும் இடம் அது என்று நான் சொல்லியிருப்பேன், அவளும் நோட்டில் எழுதியிருப்பாள். அவ்வளவுதான்.

என் கோபமெல்லாம் "நேர்கோட்டுக்கு இரண்டு புள்ளி போதும்" என்ற குறுக்குவழியின் மேல். பொய்யில்லை, போதும்தான். ஆனால் ஏழெட்டுப் புள்ளிகளைக் குறித்து, அவை யாரும் சொல்லாமலே வரிசை கட்டி நிற்பதைப் பார்க்காத பிள்ளைக்கு அது வெறும் சலுகை. இன்னொன்றும் உண்டு. இரண்டே புள்ளிகள் வைத்தால், கணக்குத் தப்பினாலும் அழகான நேர்கோடுதான் வரும். தவறு தன்னைக் காட்டிக்கொள்ள வழியே இல்லை.

இப்போதெல்லாம் ஆளுக்கொரு எக்ஸ் மதிப்பை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். குறை எண்ணும் வேண்டும், பின்னமும் வேண்டும். ஒவ்வொருவராக வந்து கரும்பலகையில் புள்ளி வைப்பார்கள். எக்ஸ் = −3 எடுத்தவன் கட்டாயம் தடுமாறுவான். −6 உடன் 1 கூட்டினால் −5. அவன் −7 என்று வைப்பான். அந்தப் புள்ளி மட்டும் வரிசை தவறி நிற்கும். நான் வாய் திறப்பதற்குள் வகுப்பே கத்திவிடும். சிவப்பு மையால் நான் எத்தனை முறை சுழித்தாலும் அந்த வேகத்தில் திருத்த முடியாது.

பிறகு, 0-க்கும் 1-க்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று கேட்பேன். அரை போட்டால் 2. கால் போட்டால் ஒன்றரை. இடைவெளி நிரம்பிக்கொண்டே போவதைப் பார்த்த பிறகுதான் ஸ்கேலைக் கையில் எடுக்க விடுவேன்.

சாய்வுக்கும் சூத்திரத்தில் தொடங்குவதில்லை. 20 செ.மீ. மெழுகுவர்த்தி, மணிக்கு 2 செ.மீ. கரைகிறது. ஒரு கட்டம் வலப்பக்கம் போனால் இரண்டு கட்டம் கீழே. சாய்வு −2 என்பதை அவர்களே சொல்லிவிடுகிறார்கள். கோடு 20-இல் தொடங்குவது ஏன் என்று விளக்கவே வேண்டியதில்லை. ஒருமுறை ஒரு பையன் ஆர்வக் கோளாறில் கோட்டை 11 மணி நேரம் வரை இழுத்துவிட்டான். மெழுகுவர்த்தியின் உயரம் −2 செ.மீ.! அன்று பாடம் திசை மாறி, கோட்டை எங்கே நிறுத்துவது என்ற சண்டையில் முடிந்தது. நான் எடுத்த நல்ல வகுப்புகளில் அதுவும் ஒன்று, அதில் நான் பேசியது குறைவு.

மென்பொருளை வைத்து நொடியில் காட்டலாமே என்கிறார்கள். ஜியோஜீப்ராவில் எண்ணை நகர்த்த நகர்த்தக் கோடு சாய்வது கண்கொள்ளாக் காட்சிதான், மறுக்கவில்லை. கையால் புள்ளி வைத்துப் பழகியவனுக்கு அது விளக்கம். மற்றவனுக்கு விளையாட்டுப் பொருள்.

பாடத்திட்டம் எப்படி முடியும் என்று கேட்கும் சக ஆசிரியர்களுக்கு: கூடுதலாக ஆவது இரண்டு பாடவேளை. அது வீண் போவதில்லை. பின்னால் இரண்டு சமன்பாடுகளை ஒரே தாளில் வரையும்போது, வெட்டும் புள்ளிதான் விடை என்று மனப்பாடம் செய்ய வைக்க வேண்டியிருக்காது. இரண்டு கோட்டிலும் இருக்கும் ஒரே சோடி வேறு எதுவாக இருக்க முடியும்?

இத்தனையும் செய்த பிறகும் ஒரே ஓர் இடத்தில் ஆண்டுதோறும் தோற்கிறேன். ஒய் = 3 வரையச் சொன்னால், பாதி வகுப்பு ஒற்றைப் புள்ளியை வைத்துவிட்டு, "எக்ஸ் எங்கே சார்?" என்று உட்கார்ந்திருக்கிறது. எக்ஸ் எதுவாகவும் இருக்கலாம் என்றால் ஏதோ ஏமாற்றுவது போலப் பார்க்கிறார்கள். இதற்கு நல்ல வழி வைத்திருப்பவர்கள் கீழே எழுதுங்கள், நாளைக்கே செய்து பார்க்கிறேன்.