கார்ப்பு வசம் விட்டுவந்த புத்தகங்கள்

எங்கள் வாசிப்பு வட்டத்தின் புத்தக அலமாரியை ஆலயத்திலிருந்து அகற்றுவதாக ஞாயிற்றுக்கிழமை ஆராதனையின் முடிவில் வாசிக்கப்பட்ட கமிட்டியாரின் அறிவிப்பைப் பற்றி எதுவும் எழுதக்கூடாது என்று மூன்று நாட்களாக வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இன்று காலை ஆலயத்தின் பின்புறமுள்ள தகரக் கொட்டகைக்குப் போய் அந்த அலமாரியைப் பார்த்த பிறகு முடியவில்லை. குன்னூரின் ஈரத்தை அறிந்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒழுகும் கொட்டகையில் மூன்று இரவுகள் கிடந்த புத்தகங்களின் அட்டைகளில் பூசணம் ஏறிவிட்டது. புதிய ஒலிபெருக்கிகளுக்கு இடம் வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தால், நானே ஒரு கை பிடித்து அலமாரியை நகர்த்தியிருப்பேன். "வேதம் ஒன்றே போதும், மற்றப் புத்தகங்கள் விசுவாசிகளைக் குழப்புகின்றன" என்று காரணமும் சேர்த்துச் சொன்னதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை.

வேதம் போதாது என்று யார் சொன்னது? வியாழக்கிழமை மாலைகளில் அந்த அலமாரியின் முன் கூடிய எங்கள் ஒன்பது பேரில் ஒருவரும் சொல்லவில்லை. வேதத்தை ஊன்றி வாசிப்பதற்காகவே மற்றவற்றை வாசித்தோம். பவுல் அப்போஸ்தலன் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, துரோவாவில் கார்ப்பு என்பவன் வசம் விட்டுவந்த மேலங்கியையும், புஸ்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும் எடுத்துவரச் சொல்கிறார்; மாரிகாலத்துக்கு முன்னே வந்துவிடு என்றும் அதே அதிகாரத்தில் கேட்டுக்கொள்கிறார். மலையில் வாழும் நமக்கு அந்த மேலங்கியின் அருமை நன்றாகவே தெரியும். புஸ்தகங்கள் என்ற சொல்லை மட்டும் எப்படித் தாண்டிப் போகிறோம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ஆராதனையில் 'சத்தாய் நிஷ்களமாய்' பாடலைக் கண்ணை மூடி உருகிப் பாடினோம். அதை எழுதிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' அலமாரியின் இரண்டாம் தட்டில் இருந்தது. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858-ல் ஞானஸ்நானம் பெற்ற அவர், 12 ஆண்டுகள் சிறையில் கிடந்த ஆங்கிலேயப் பிரசங்கியார் ஜான் பனியன் 1678-ல் வெளியிட்ட கதையை எடுத்து, 1894-ல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் தமிழ்க் காப்பியமாக்கித் தந்தார். அவருடைய பாட்டு ஆலயத்துக்குள் ஒலிக்க வேண்டும், அவருடைய புத்தகம் கொட்டகையில் நனைய வேண்டும்; நல்ல நியாயம். உதகையில் பள்ளி நடத்திய போப் ஐயர் திருவாசகத்தையே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1900-ல், தம் எண்பதாம் வயதில், வெளியிட்டார். கடைசிவரை குருவானவராகத்தான் இருந்தார். அவர் நடந்த மலையில் நாம் பழங்காலப் பேராயர் அகஸ்டினின் 'பாவ அறிக்கை' நூலை வாசித்தால் குழம்பிவிடுவோமாம்.

"அறிவு இறுமாப்பை உண்டாக்கும் என்று வசனமே இருக்கிறதே" என்று ஒரு சகோதரர் கேட்டார். ஒப்புக்கொள்கிறேன். எனக்கே அந்த நோய் கொஞ்சம் உண்டு. மேலே ஆண்டுகளை அடுக்கியிருப்பதைப் பார்த்தாலே தெரியும். ஆனால் எதையும் வாசிக்காமலேயே இறுமாந்திருப்பவர்களையும் இந்த 58 வயதுக்குள் போதுமான அளவு பார்த்துவிட்டேன். "எஸ்டேட் ஜனங்களுக்கு இதெல்லாம் எதற்கு" என்று கேட்டவருக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. எங்களில் நான்கு பேர் பகல் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு வருகிறவர்கள் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபுவின் கதையை வேதத்தில் வாசித்த அன்று அவர்களில் ஓர் அக்கா கேட்டார்: "கடைசியில் அவருக்கு வேறு பத்துப் பிள்ளைகள் பிறந்தார்கள், சரி. செத்துப்போன பத்துப் பேர்?" அந்தக் கேள்வியை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

அது என்னை ஏன் உலுக்கியது என்று பழைய நண்பர்களுக்குத் தெரியும். 2009 நவம்பர் மண்சரிவில் என் தங்கையை இழந்தேன். அடக்கம் முடிந்த வாரத்தில் வந்தவர்கள் தேவசித்தம் என்றார்கள். குடும்பத்தில் மறைந்திருக்கும் பாவம் ஏதேனும் உண்டா என்று ஆராய்ந்து பார்க்கச் சொன்னவரும் உண்டு. நான் ஜெபிப்பதை நிறுத்திவிட்டேன். அப்போது ஓய்வுபெற்ற உபதேசியார் ஒருவர் வந்து, தேநீர் குடித்து, ஒன்றும் பேசாமல் ஒரு மெல்லிய புத்தகத்தை வைத்துவிட்டுப் போனார். 1960-ல் மனைவியை இழந்த சி.எஸ். லூயிஸ், மறுவருடம் புனைபெயரில் வெளியிட்ட துயரக் குறிப்புகள் அவை. விசுவாசத்தை உலகுக்கு விளக்கிச் சொன்ன மனிதர், தேடிப் போனால் கடவுள் கதவை உள்ளே தாழிட்டுக்கொள்ளும் ஓசைதான் கேட்கிறது என்கிறார். ஆங்கிலத்தில் தட்டுத்தடுமாறித்தான் வாசித்தேன். முடித்த இரவில், பல மாதங்களுக்குப் பிறகு, சங்கீதப் புத்தகத்தைத் திறந்தேன். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஞாயிறு பள்ளியில் ஒப்பித்த வசனம், அன்றுதான் என் காதில் விழுந்தது. வேதத்தை என் கையில் திரும்பக் கொடுத்தது அந்தப் புத்தகம். அதைத்தான் குழப்பம் என்கிறீர்கள்.

உபதேசியார் இப்போது இல்லை. அலமாரியில் இருந்தவற்றில் பாதி அவர் தம் சொற்ப ஓய்வூதியத்தில் வாங்கி, பெயர் எழுதிக் கொடுத்தவை. ஒலிபெருக்கி போதவில்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மூன்றாம் வரிசைக்குக்கூடக் கேட்காத குரல் அவருக்கு.

நாளை வெயில் வந்தால் புத்தகங்களை என் வீட்டு வாசலில் காயவைக்கப் போகிறேன். வாசிப்பும் இனி இங்கேதான், மாலை ஆறு மணிக்கு, இரட்சணிய யாத்திரிகத்தில் விட்ட இடத்திலிருந்து. கமிட்டியாரும் வரலாம். கம்பளி கொண்டுவாருங்கள், என் முன்னறையில் குளிர் அதிகம்.